எக்ஸ்பிரஸ் சீட்டு

'எக்ஸ்பிரஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் முழுப் பொருளையும் அறிந்தவர் மனித குலத்தில் ஒருவரே. அவர் எங்கள் தெரு சலவைக்கடை முதலாளி. "எக்ஸ்பிரஸ்னா வெறும் வேகம் இல்ல, அது ஒரு வாக்கு" என்பார். அந்த வாக்குக்கு அடையாளமாக, அவசரத் துணியில் சிவப்புச் சீட்டு ஒன்றைக் குத்துவார்.

நாளடைவில் எல்லோரும் எக்ஸ்பிரஸ் கேட்டார்கள். துணிக்கம்பி முழுக்கச் சிவந்தது. நிஜ அவசரத்தைப் பிரித்துக் காட்ட இரட்டைச் சீட்டு கொண்டுவந்தார். எல்லோரும் இரட்டை கேட்டார்கள். பிறகு மூன்று. சட்டைகள் பதக்கம் வாங்கிய தளபதிகளைப் போலத் தொங்கின.

சீட்டே வாங்காத ஒரே ஆள் அவருடைய மச்சான். "அவசரமில்ல, மெதுவா குடுங்க" என்று துணியைப் போட்டுவிட்டுப் போய்விடுவான்.

"உருப்படுற ஆளு பேசுற பேச்சாடா இது?" என்று முதலாளி கடையே திரும்பிப் பார்க்கச் சிரிப்பார்.

இந்நிலையில் சலவைக்கடைச் சங்கம் அவருக்கு 'அதிவேகச் சேவை' கேடயம் அறிவித்தது. விழா நாள் காலையிலேயே தம் கோட்டில் நான்கு சீட்டுகளைக் குத்திக் கம்பியில் மாட்டினார்.

மதியம் பார்த்தால் கோட் கசங்கியபடியே தொங்கியது. ஐந்தாவதைக் குத்தினார். கவுன்ட்டரில் நின்றவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்களுக்கும் ஐந்து வேண்டுமென்று மல்லுக்கு நின்றார்கள்.

விழாவுக்குக் கிளம்பும் நேரம். மடிப்புக் கலையாத கோட்டோடு மச்சான் வெளியே வந்துகொண்டிருந்தான்.

"இதை எப்படா குடுத்த?"

"சாப்பிட்டுட்டு வந்துதான் அத்தான்."

முதலாளி இஸ்திரி போடும் பெண்மணியிடம் பாய்ந்தார். அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தக்கூட இல்லை. "சீட்டு குத்தினதெல்லாம் வரிசைல நிக்குது முதலாளி. எதை முந்த விட்டாலும் மத்தவங்க சண்டைக்கு வராங்க. சீட்டு இல்லாததுக்கு ஏது வரிசை? வந்ததும் முடிச்சிடுவேன்."

மச்சானின் கோட்டைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு ஓடினார். மேடையில் வேகத்தின் ரகசியத்தைக் கேட்டார்கள். "எக்ஸ்பிரஸ்!" என்று முழங்கினார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

மறுநாள் காலை, அவரைக் கேடயத்தோடு படம் எடுக்கப் பத்திரிகையிலிருந்து ஆள் வருவதாக ஏற்பாடு. முதலாளி தம் கோட்டிலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். கோட்டை இஸ்திரி மேசையில் வைத்தார்.

"அவசரமில்லம்மா," என்றார் மெல்ல. "முடிஞ்சப்போ குடு."

"அப்படின்னா அங்கேயே நில்லுங்க முதலாளி, இப்பவே தரேன்."