மேட்டூர் மாமா

மேட்டூர் அணையில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது, என் மாமா சொன்ன பிறகுதான் அணைக்கே தெரியும். இதில் கொஞ்சமும் மிகையில்லை. முந்தின நாள் அளவையும் குடகு மழையையும் வைத்து மனக்கணக்குப் போட்டு, காலை ஆறு மணிக்கு அவர் சொல்லிவிடுவார். அரசாங்கம் எட்டு மணிக்கு அளந்து பார்த்துவிட்டு அவரோடு ஒத்துப்போகும்.

அம்மாவின் தம்பி. நன்னிலம் பக்கத்துக் கிராமம். காவிரி கல்லணையில் பிரிந்து, கிளையாகி, கிளைக்குக் கிளையாகி, களைத்துப்போய்க் கடைசியில் வந்து சேர்கிற இடம். கடைமடை என்பார்கள். பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்தவன் பாயசவாளியைப் பார்ப்பதுபோல அங்கே எல்லோரும் மேட்டூரைப் பார்ப்பார்கள். மாமா கொஞ்சம் அதிகமாகப் பார்த்தார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறு எங்கும் அது பயன்படவில்லை.

செல்போன் வந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் யாருக்கும் அலாரம் தேவைப்படவில்லை. ஆறு மணிக்குச் சென்னையில் நான். ஆறு ஐந்துக்குத் திருச்சியில் என் அக்கா. ஆறு பத்துக்குச் சிங்கப்பூரில் அவருடைய ஒரே மகன் செந்தில். அங்கே அது ரயிலில் ஒற்றைக் கையில் தொங்கியபடி ஆபீஸ் போகிற நேரம்.

“மாப்ள, அறுவத்திமூணே முக்கா அடி,” என்பார். நலமா, சாப்பிட்டாயா எல்லாம் கிடையாது. அளவைச் சொல்லிவிட்டு இரண்டு விநாடி பேசாமல் இருப்பார். நான் கண்ணைத் திறக்காமலேயே “சரி மாமா” என்பேன். வைத்துவிடுவார். அந்த இரண்டு விநாடி எதற்கென்று நான் யோசித்ததே இல்லை.

என் கல்யாணத்தில் தாலி கட்டி முடித்ததும் பெரியவர்கள் வரிசையாக வந்து அட்சதை போட்டார்கள். மாமா போட்டுவிட்டு என் காதருகே குனிந்தார். கல்யாண வீடியோவில் அந்த இடம் நன்றாக விழுந்திருக்கிறது. அவர் ஏதோ சொல்ல, என் முகம் சுருங்குகிறது. என் மனைவி வீட்டார் சீர்வரிசையில் ஏதோ குறை என்று வெகுநாள் மனம் வருந்திக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னது, “நாப்பத்தெட்டுதான் இருக்கு மாப்ள. குறுவை நடவு இந்த வருஷம் சந்தேகம்.”

எனக்குப் பெண் பிறந்தபோது முதல் போன் அவருக்குத்தான் போட்டேன். எடை கேட்டார். மூன்று கிலோ இருநூறு என்றேன். “நல்ல வரத்து,” என்றார். அணைக்குள் வந்து சேருகிற தண்ணீருக்குத்தான் வரத்து என்று பெயர். அவர் அகராதியில் அதைவிடப் பெரிய வாழ்த்து கிடையாது.

இவ்வளவுக்கும் மேட்டூரை அவர் வெகுகாலம் பார்த்ததே இல்லை. சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, வேனைத் திருப்பி அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினோம். கண் கலங்குவார் என்று அக்கா போனில் படம்பிடிக்கத் தயாராக நின்றாள். மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தார். “சரி, போலாம்,” என்றார். வேன் நாமக்கல்லைத் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார். “நம்ம தண்ணிய ரொம்ப தூரத்துல வச்சிருக்காங்க.”

அத்தைக்கு இதெல்லாம் தீராத எரிச்சல். அணைக்கு இன்ஜினியர் இருக்கிறார், நீங்கள் போர்த்திக்கொண்டு படுங்கள் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிற்பாடு சிறுநீரகம் பழுதாகித் திருவாரூரில் ஆஸ்பத்திரியில் படுத்தபோதுதான் அவர் படுத்தார். அங்கேயும் நர்ஸ் ஒரு அட்டையில் உள்ளே போன தண்ணீர் இவ்வளவு, வெளியே வந்தது இவ்வளவு என்று எழுதுவதைப் பார்த்து, இந்த ஆஸ்பத்திரியில் இந்தப் பெண் ஒருத்திதான் முறையாக வேலை பார்க்கிறாள் என்று எல்லோரிடமும் பாராட்டினார். வெளியேற்றம் குறைந்துகொண்டே வருவது அவருக்குத்தான் முதலில் தெரிந்தது.

அத்தையைக் கூப்பிட்டுச் சொன்னார்: “என் சாம்பல ஓடுற ஆத்துல விடணும். வறண்ட மணல்ல குழிதோண்டிப் பொதைக்கக் கூடாது. போர் தண்ணி ஆகாது. கடலுக்கும் கொண்டுபோகாதீங்க. நல்ல தண்ணி வீணா கடலுக்குப் போறதையே நான் பொறுக்கமாட்டேன்.”

சொல்லிவிட்டு, சித்திரைக் கடைசியில் போய்ச் சேர்ந்தார். ஆற்றில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

காரியத்துக்கு வந்த பங்காளிகள் யோசனை சொன்னார்கள். நாகூர் கடற்கரை ஒரு மணி நேரம்தான், கார் நிற்கிறது என்றார் ஒருவர். எதிர்வீட்டுக்காரர் தன் போர் மோட்டாரைப் போட்டு ஆற்றில் பத்து நிமிடம் தண்ணீர் ஓடவிடுவதாகச் சொன்னார். நல்ல மனசு. அத்தையோ அஸ்திக் கலயத்தின் வாயை மஞ்சள் துணியால் கட்டி, கொல்லை வேப்பமரத்தில் தொங்கவிட்டாள். “தண்ணி வர்றப்ப வரட்டும். அவரு காத்திருந்து பழக்கப்பட்டவருதான்,” என்றாள். செந்தில், தண்ணீர் வந்ததும் வருகிறேன் என்று சிங்கப்பூருக்குத் திரும்பினான்.

அந்த வருடம் அணையில் தண்ணீர் மோசமாக இருந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் தினமும் பார்த்தேன். ஆறு மணிக்குத் தானாக விழிப்பு வந்தது. போனை எடுத்து, போர்வைக்குள்ளேயே, மனைவிக்குத் தெரியாமல் நீர்மட்டம் பார்த்தேன். இந்த வெட்கக்கேட்டை யாரிடமும் சொல்லவில்லை. ஆனி பிறந்து ஒரு நாள் செந்திலிடமிருந்து செய்தி வந்தது: “குடகுல மழை பிடிச்சிடுச்சு.” அடுத்த நிமிடம் திருச்சியிலிருந்து அக்கா, எத்தனை அடி ஏறும் என்று கேட்டிருந்தாள். ஒரு குடும்பமே போர்வைக்குள் அணை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஆடியில் திறந்தார்கள். முக்கொம்பு தாண்டியது, கல்லணை வந்தது என்று ஊர் ஊராகத் தண்ணீரைப் பின்தொடர்ந்தோம். செந்தில் விமானமும் நான் பஸ்ஸும் ஏறினோம். தண்ணீர் மாமா ஊருக்கு வந்தபோது காய்ந்த சருகு, பிளாஸ்டிக் பாட்டில், ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு, நுரையோடு நடந்து வந்தது. கரையில் நின்று ஊரே பூவும் நெல்லும் தூவியது. செந்தில் கலயத்தோடு இறங்கப் போனான். அத்தை விடவில்லை. முதல் தண்ணீர் அழுக்கு, தெளியட்டும் என்றாள். முழங்காலளவு தெளிந்து ஓடும்வரை மூன்று மணி நேரம் கரையில் உட்கார்ந்திருந்தோம்.

அவன் கலயத்தைச் சாய்க்குமுன் அத்தை ஒரு பிடி சாம்பலை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். நேராகத் தன் வயலுக்கு நடந்து, வாய்க்கால் மடையில் அதை அவிழ்த்தாள். “மிச்சம் கடலுக்குப் போனாப் போவட்டும். இது இங்க பாயட்டும்,” என்றாள். நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன்.

அன்றே சென்னைக்குக் கிளம்பினேன். இனி மேட்டூரில் எவ்வளவு இருந்தால் எனக்கென்ன?

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. திரையில் ‘மேட்டூர் மாமா’ என்று வந்தது. எடுத்தேன்.

“தொண்ணூத்தொண்ணே கால்,” என்றாள் அத்தை. பிறகு பேசாமல் இருந்தாள். இரண்டு விநாடி.

“வரத்து எவ்வளவு அத்தை?” என்றேன்.



“இத நேத்தே கேட்டிருக்கக் கூடாதா தம்பி? மரத்துலதான இருந்தாரு. காதுல விழுந்திருக்கும்.”