ஐந்நூறு வருஷம் தாமதமான அஞ்சலி

இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசுவது பெரிய வித்தை இல்லை. இறந்தவர் யார் என்று தெரிந்திருந்தால் போதும். அந்தச் சின்ன விஷயத்தில்தான் நான் கோட்டை விட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். சிதம்பரத்தில் வரலாறு எம்.ஏ. முடித்துவிட்டு, கடலூரில் ஒரு பாதிரியார் நடத்திய பள்ளியில் வாத்தியார் வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். அந்த வாரம் ரோமில் போப்பாண்டவர் காலமானார். பாதிரியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஞாயித்துக்கெழம அஞ்சலிக் கூட்டம் தம்பி. அவரப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க. ஒங்க பேச்சையும் கேட்டாப்ல இருக்கும்."

(வேலைக்கான பரீட்சை இதுதான் என்பது புரிந்தது. வேறெதுவும் புரியவில்லை.)

சிதம்பரத்துக்குப் பஸ் ஏறி நூலகத்துக்கு ஓடினேன். பழைய கலைக்களஞ்சியம் ஒன்றில் காலமானவரின் அதே பெயர், அரசர்களுக்குப் போடுவதுபோல் அதே வரிசை எண்ணோடு போப் கிடைத்தார். நண்பன் ரஹீம் படிக்க, நான் குறிப்பெடுத்தேன்.

"வருஷம் போட்டிருக்கு மச்சான், சொல்லவா?"

"வேணான்டா. வருஷம் சொன்னா கூட்டம் தூங்கிடும். சம்பவத்த மட்டும் படி."

"சின்ன வயசுல கப்பல் கொள்ளைக்காரரா இருந்தாருன்னு ஒரு பேச்சு உண்டாம்."

"திருந்தியிருப்பாரு. மேல படி."

ஞாயிறு மாலை மேடையேறினேன். மாலை போட்ட படத்தில் போப் சாந்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் கடற்கொள்ளையில் தொடங்கினேன். பின்வரிசை மீனவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டு, ஒரே சமயத்தில் மூன்று பேர் தாங்கள்தான் போப் என்று சொன்னதையும், ஆளுக்குச் சில அரசர்களைக் கையில் வைத்துக்கொண்டு மோதியதையும் விளக்கினேன். தகராறு தீர நம்மவரே மாநாடு கூட்டினார். மூவரும் விலக வேண்டும் என்று பேச்சு வந்ததும், குதிரைக்காரன் வேஷத்தில் தப்பி ஓடினார்.

"பிடித்து வந்து, பதவியைப் பறித்து, சிறையில் போட்டார்கள்" என்று குரல் தழுதழுக்கச் சொன்னேன்.

முன்வரிசையில் ஓர் அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டுப் படத்தைச் சந்தேகமாகப் பார்த்தார்.

பாதிரியார் மெல்ல எழுந்து வந்து மைக்கைப் பிடித்தார். "தம்பி சொன்னது பொய்யில்ல. ஆனா அவரு செத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல ஆவுது. அவர சபை போப்பாவே ஏத்துக்கல. அதனாலதான் அந்தப் பேரையும் நம்பரையும் நம்ம போப்பாண்டவர் எடுத்துக்கிட்டாரு. சரி, அவருக்கும் அஞ்சலி செலுத்தியாச்சு. இப்ப நம்மவருக்கு வருவோம்."

மறுநாள் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போனேன். பாதிரியார் தரவில்லை.

"மூணு போப்பு சங்கதிய இன்னும் கேக்கணும்னு மீனவங்க ரெண்டு பேர் காலையிலேயே வந்து நிக்கிறாங்க. வேல ஒங்களுக்குத்தான். ஆனா பாடம் ஆரம்பிக்கும்போது வருஷத்தப் போர்டுல எழுதிடுங்க."

முப்பது வருஷம் எழுதினேன். வீட்டில்தான் அந்த அஞ்சலிப் பேச்சிலிருந்து தப்ப முடியவில்லை. போன மாதம் என் சித்தப்பா மகன் இறந்த செய்தி வந்து நான் சட்டை மாட்டும்போது, என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எந்த நூற்றாண்டுன்னு ஒரு தடவ கேட்டுக்கிட்டுப் போங்க."