என்னைத் திட்ட மூன்று பேர்

அன்பு மகளுக்கு அப்பா ஆசிகளோடு எழுதுவது. இங்கு நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமென்று போன வாரம் போனில் சொன்னாய். அதற்குள் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது என்று நம்புகிறேன்.

உன் ஆபீஸ் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டு வந்து, "கோவம் வந்தா கத்தாதப்பா, மனசுல என்ன தோணுதோ அத நிதானமா எடுத்துச் சொல்லு" என்றாயே, அதை அப்படியே கடைப்பிடிக்கிறேன். காலமெல்லாம் அச்சகத்தில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தியே வேலை வாங்கியவனுக்கு இது லேசான காரியமா? முதலில் மாடிவீட்டுக்காரர். அவர் நாற்காலியை இழுத்தால் நான் படிக்கட்டடியில் நின்று, "யோவ், மேல என்ன ரோடுரோலரா ஓட்டுற?" என்பேன், அவர், "காதப் பொத்திக்கிட்டுப் படுய்யா!" என்பார், ரெண்டு சுற்று முடிந்ததும், "சரி, சாப்டியா?" என்று அவரே கேட்பார். இந்தத் தடவை மேலே ஏறிப்போய், "நீங்க நாற்காலிய இழுக்கும்போது எனக்கு மனசு கலங்குதுங்க" என்றேன். மனுஷன் வெலவெலத்துப்போய், சாயங்காலத்துக்குள் நாற்காலிக் கால் நாலுக்கும் ரப்பர் மாட்டிவிட்டார். இப்போது மேலே ஆள் இருக்கிறாரா என்றே தெரியவில்லை. எதிரில் வந்தால் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுகிறார்.

அடுத்து நம் தையல்காரர். ஒரு பேன்ட்டுக்குப் பத்து நடை நடக்கவிட்டு, நடைக்கு ஒரு சண்டை போடுகிற ஆள். அவரிடம், "சொன்ன நாள்ல துணி வரலேன்னா, யாரும் என்னைக் கண்டுக்கலையோன்னு தோணுது" என்றேன். ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தி, ஸ்டூலைத் துடைத்து என்னை உட்காரவைத்து, "வீட்ல ஏதாவது பிரச்சினையாண்ணே?" என்று டீ வாங்கிக்கொடுத்தார். மறுநாளே பேன்ட் வீடு தேடி வந்துவிட்டது. இனி அந்தக் கடைக்குப் போக எனக்கு என்ன சாக்கு இருக்கிறது, சொல்லு?

உன் அம்மா போனபிறகு என்னைத் திட்ட மூன்று பேர்தான் மிச்சமிருந்தீர்கள். மூன்றாவது ஆள் நீ. முன்பெல்லாம் போனை எடுத்ததுமே, "ஏம்ப்பா இப்படி உசிர வாங்குற?" என்பாய், நானும் விடமாட்டேன், படக்கென்று வைப்பாய், மனசு ஆறாமல் மறுபடி நீயே கூப்பிடுவாய். இப்போது, "உன் கஷ்டம் எனக்குப் புரியுதுப்பா" என்கிறாய். புரிந்துவிட்டது என்றபிறகு மேலே என்ன பேசுவது? நானும் சரிம்மா என்று வைத்துவிடுகிறேன்.

மற்றபடி வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்க்க வரவேண்டாம். மாப்பிள்ளைக்கு என் அன்பு. இருவரும் நோய்நொடியில்லாமல், வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: எனக்குக் கண் ஆபரேஷன் ஆனதும் நீ பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டுப் போன ஸ்கூட்டர் சாவி கிடைத்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து மெயின் ரோட்டில்தான் ஓட்டுகிறேன். ஹெல்மெட் போடுவதில்லை. இதைப் படித்ததும் உன் மனசில் என்ன தோன்றினாலும், தயவுசெய்து நிதானமாக எடுத்துச் சொல்லாதே.