பீலியில் தொடங்கிக் கானில் முடிந்த காணொளி

தனக்குச் சொந்தமான கட்டடத்தை எந்த அலுவலரும் தானே பரிசோதித்து அறிக்கை கொடுக்கக்கூடாது. கட்டடப் பரிசோதகராக இருந்த காலமெல்லாம் இந்த விதியை மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டியவன் நான். (சிலருக்கு எழுத்திலும்.) ஓய்வுபெற்ற பிறகு, அம்பிட்டியவில், என் வீட்டு முற்றத்திலேயே, கைபேசியும் கையுமாக அதை நானே மீறினேன்.

மகள் அனுஷா வங்கி வேலையை விட்டுவிட்டு, மாடியின் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடத் தொடங்கியிருந்தாள். தொடங்கியிருந்தாளே தவிர, ஒருவரும் வரவில்லை. பெரஹெரா ஊர்வலக் காலத்துக்கு ஆள் அனுப்பும் கொழும்பு முகவர் ஒருவர், வெசாக் பண்டிகை முடிந்த வாரத்தில் ஒரு காணொளி கேட்டார். கைபேசியை நிமிர்த்திப் பிடித்து, சினிமாப் படம்போல எடுத்திருக்க வேண்டும். மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் வந்து சேர வேண்டும். பிடித்தால் அவருடைய பட்டியலில் எங்கள் வீடு. பிடிக்காவிட்டால் அனுஷா பழைய மேலாளர் முன் போய் நிற்க வேண்டும். (அவரை எனக்குத் தெரியும். நிற்கத்தான் வைப்பார்.)

தேநீர்த் தட்டுடன் அவளே படத்தில் நடந்து வர வேண்டியிருந்ததால், படமெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

"முழங்காலக் கொஞ்சம் மடக்கிக்கங்கப்பா. தண்ணி தளும்பாம குடம் தூக்கிட்டுப் போற மாதிரி நடக்கணும். கூரையில ஆரம்பிச்சு மெதுவா கீழ வாங்க. நான் வாசலுக்கு வந்ததும் என்கூடவே வாங்க. பேசாதீங்க."

"படுக்கப் போட்டு எடுத்தா மலையும் சேர்ந்து தெரியுமே?"

"பாக்குறவங்க போனைத் திருப்ப மாட்டாங்க. நிமிர்ந்தே இருக்கட்டும்."

ஹந்தானை மலைப் பக்கத்து மூடுபனி வீட்டுக்குப் பின்னால் இறங்கி நின்றது. வெயில் ஏறினால் கலைந்துவிடும். அவள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்த திரையில் ஒரு கெடுதல் உண்டு. பக்கவாட்டில் கண்ணை இழுக்க எதுவும் இல்லை. மேலே கூரை, கீழே தரை, நடுவில் சுவர். வாழ்நாள் முழுவதும் நான் உத்தியோகமாகப் பார்த்தது அதைத்தான். கூரையில் தொடங்கினேன். பீலி துருப்பிடித்திருந்தது. கை தானாக நின்றது. வாய் தானாகத் திறந்தது.

"மழைநீர்ப் பீலி, துரு. மாற்றப்பட வேண்டும்."

"அப்பா!"

இரண்டாவது தடவை பீலியை வாய் திறக்காமல் கடந்தேன். ஜன்னலுக்கு மேலே ஒரு வெடிப்பு. அதன் போக்கைக் காட்ட என் விரல் திரைக்குள் நுழைந்தது. "குறுக்கு வெடிப்பு. ஈரம் ஏறுகிறது" என்று நான் பதிவு செய்துகொண்டிருக்க, அனுஷா தட்டுடன், சிரித்த முகத்துடன், படத்துக்கு வெளியே நடந்து போனாள்.

மூன்றாவது தடவை அவளுடனேயே வாசல்வரை வந்துவிட்டேன். அங்கே கழிவுநீர்க் கான் மூடியில்லாமல் கிடந்தது. "விருந்தினர் விழ வாய்ப்புண்டு."

பனி பாதி போய்விட்டது. அனுஷா தட்டைப் படியில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னங்க, புள்ள அழப்போறா. வாயில எதையாச்சும் வச்சுக்கங்க!" மனைவி குசினி ஜன்னல் வழியாக ஒரு பிஸ்கட்டை நீட்டினாள்.

நான்காவது தடவை, பிஸ்கட்டுடன், குறையில்லாமல் முடிந்தது. கடைசித் துண்டுப் பனிக்குள்ளிருந்து என் மகள் தேநீருடன் வந்தாள். உண்மையிலேயே சினிமாதான்.

"மாடியில பைப்பைத் திறந்து விட்டுட்டேன். அனுப்பிடுங்கப்பா!" என்று அவள் ஓடினாள். ஒன்பது ஆகப்போகிறது. கோப்பில் சாதகமானதை மட்டும் எடுத்து அனுப்புவது தகவலை மறைப்பதாகும். ஆகவே நான்கையும் வரிசைப்படி அனுப்பி, 'இணைப்புகள்: நான்கு' என்று அடியில் குறித்தேன்.

அவள் இறங்கி வந்தாள். "எதை அனுப்புனீங்க?"

"எல்லாத்தையும்."

அவள் கைபேசியை வாங்கி, நான்கையும் எண்ணிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "அழிங்க" என்றாள்.

அழித்தேன். என் கைபேசியில் மட்டும் அழிந்தது. அதற்குள் முகவர் பார்த்துவிட்டிருந்தார்.

அதன் பிறகு பதிலே இல்லை. எதிர்வீட்டு வெசாக் காகித விளக்குக் கூடுகள் மழையில் கிழிந்து தொங்கின. அனுஷா எனக்குத் தேநீரை மேசையில் வைத்துவிட்டு உடனே மாடிக்குப் போய்விடுவாள். ஒருநாள் வங்கிக்குக் கட்டும் சேலையை அலுமாரியிலிருந்து எடுத்து, இஸ்திரி போட்டு, கதிரையின் முதுகில் மடித்து வைத்தாள். அந்தக் கதிரையில் நான் உட்காரவில்லை.

கடைசியில் முகவர் எழுதினார்: "நான்கையும் பார்த்தோம். சொந்த வீட்டின் குறையைச் சொல்லி விளம்பரம் அனுப்பியவர் இதுவரை வேறு யாருமில்லை. பீலி, வெடிப்பு, கான் மூன்றையும் திருத்துங்கள். திருத்தியதும் நான்காவது காணொளி பட்டியலில் சேரும். அதில் யாரோ பிஸ்கட் மெல்லும் சத்தத்தை நீக்கிவிடவும். திருத்த வேலையை வீட்டுக்காரர் அல்லாத ஒருவர் பரிசோதிக்க வேண்டும்."

அனுஷா கடைசி வரியை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். பிறகு சேலையை எடுத்து அலுமாரிக்குள் வைத்தாள்.

இன்றும் வீட்டில் நான் படமெடுக்கக் கைபேசியைத் தூக்கினால், மனைவி முதலில் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைக்கிறாள். முகவரின் பதிலை அச்செடுத்துக் கோப்பில் சேர்த்திருக்கிறேன். மேல் மூலையில், முறைப்படி, என் கையெழுத்தில்: கிடைத்த திகதி, வெசாக்குக்கு அடுத்த பௌர்ணமியான பொசொன் போயாவுக்கு மறுநாள்.