தாளாளர் குளிக்க வெந்நீர்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: பௌதிக ஆசிரியர் ஆரோக்கியதாஸ், 1974 நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, கொடைக்கானலில் தம் வீட்டு மச்சிலிருந்த வெந்நீர்த் தொட்டியைத் தம் திருக்கரங்களாலேயே மாற்றத் தொடங்கினார்.

மாற்றாமல் முடியாது. பின்கட்டு பாய்லரில் சூடேறிப் பெருகும் நீர், குழாய் வழியே மேலேறி நிற்க இடம் வேண்டும். அதற்கென்று இருந்த தொட்டி துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. பத்து மணிக்கு மதுரையிலிருந்து பள்ளித் தாளாளர் அடைக்கலம் வருகிறார். இரண்டு நாள் இங்கேதான் தங்கல். தலைமையாசிரியர் நாற்காலியோ ஒரு வருஷமாகக் காலி. போன தடவை தாளாளர் தங்கிய வீட்டில் வெந்நீர் இல்லை. அந்த வீட்டுக்காரரான ஆசிரியர் உபகாரம் இன்னமும் ஏழாம் வகுப்புக்குக் கணக்குதான் சொல்லித்தருகிறார்.

வத்தலக்குண்டிலிருந்து ஆளை வரவழைக்கலாம் என்று மனைவி சகாயராணி சொல்லிப் பார்த்தாள். வெப்பத்தால் பொருள்கள் விரிவடைவதை இருபது வருஷமாக நடத்துகிறவருக்கு ஆள் எதற்கு? மண்ணெண்ணெய் டின் ஒன்றைக் குழாயில் பொருத்தி, ஈயம் வைத்துப் பற்றவைத்தார்.

பற்றவைத்த இடம் கசிந்தது. சணல் சுற்றிச் சோப்பைப் பூசினார். கசிவு நின்றது, பாய்லர் சூடானதும் டின் மேல்வழியாகப் பொங்கியது. சைக்கிள் டியூபை வெட்டிவைத்து மூடியை இறுக்கி, கம்பியால் கட்டினார். பொங்குவதும் நின்றது. டின் உறுமத் தொடங்கியது.

“ஏங்க, தண்ணி பெருகுதுன்னா அது போக வழி வேணாமா?” என்றாள் சகாயராணி கீழிருந்து.

“ஒனக்கு பௌதிகம் தெரியுமா?”

“எனக்குப் பால் காய்ச்சத் தெரியும்.”

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. தாளாளர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். கம்பளிக் கோட்டும் மப்ளருமாக உள்ளே வந்த அடைக்கலம், கணப்படுப்பை ஒட்டிய நாற்காலியில் சாய்ந்தார். நேர் மேலே, பலகைக்கு அந்தப் பக்கம், டின்.

ஆரோக்கியதாஸ் ஜன்னலோர நாற்காலியைக் காட்டினார். அங்கிருந்து பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும் என்றார். வெளியே மூடுபனியில் வீட்டுக் கேட்டே தெரியவில்லை.

“இங்கதான்யா கதகதன்னு இருக்கு.” தாளாளர் காலை நீட்டிக்கொண்டார். “மேல என்ன சத்தம்?”

“கொரங்குங்க சார்.”

நழுவிப் பின்கட்டுக்கு ஓடினார். சகாயராணி எப்போதோ விறகை வெளியே இழுத்துப் போட்டிருந்தாள். ஆனால் பாய்லரின் சூடு அதற்குள் தணிவதாயில்லை.

டின் பிளந்தது. பலகை இடுக்குகளில் இறங்கிய வெந்நீர் தாளாளரின் தலையில் தொடங்கி, கோட்டுப் பைகளை நிரப்பி, பூட்ஸ் வழியாக வெளியேறியது. மச்சுக் குளிரில் ஆறி, உடம்பு பொறுக்கும் பதமான சூடு.

அடைக்கலம் எழுந்து போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

துண்டும் கையுமாகப் பின்னால் ஓடிய ஆரோக்கியதாஸ், டிரைவர் பொன்னுச்சாமியைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் அய்யா சுகமாகக் குளிக்க வேண்டும் என்று செய்ததுதான், எடுத்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார்.

பொன்னுச்சாமி கார்க் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“குளிக்கலைன்னா மதுரையில அம்மா இவருக்குச் சோறு போடாதுங்க சார். அய்யா மலைக்கு வர்றதே குளிக்காம இருக்கத்தான்.”