வுழுந்தவங்க யாரு?

சந்தவாசலில் அவரிடம் ஒற்றைக்காலில் நிற்காத பெரிசு ஒன்றுகூடக் கிடையாது. அறுபது தாண்டிய பாவத்துக்கு நானும் நின்றிருக்கிறேன். பஸ் நிறுத்தத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எதிரே இருக்கும் என் உரக்கடைக்கு வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க.

எங்களுக்கு அவர் ஒத்தக்கால் கண்டக்டர். போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறும் பஸ்ஸில் காலமெல்லாம் டிக்கெட் கிழித்தவர். கொண்டை ஊசி வளைவிலும் கம்பியைப் பிடிக்கமாட்டாராம். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்திலிருந்து விசில் இறங்கவில்லை. காலை ஏழு மணி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வயசாளிகள் எல்லாம் அவர் கையில் மாட்டினார்கள்.

ஒரு விசில் என்றால் கையை ஊன்றாமல் பெஞ்சிலிருந்து எழவேண்டும். இரண்டு விசில் என்றால் நிறுத்தத்துக் கம்பியை லேசாகத் தொட்டுக்கொண்டு ஒற்றைக்கால். ஒருநாள் அந்த இரட்டை விசிலைக் கேட்ட டிரைவர், வண்டியை எடுத்துக்கொண்டு போயே விட்டார். ஏழு பேரும் ஒற்றைக்காலில் நின்றபடி பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னாங்க கண்டக்டரே, நானு ஆஸ்பத்திரிக்குப் போவணும்!" என்று கத்தினார் முனியம்மாக்கா.

"இத்த ஒழுங்கா செஞ்சா ஆஸ்பத்திரியே வாணாம்மா. கால மாத்துங்க."

எல்லாம் முடிந்ததும், டிக்கெட் வாங்காதவங்க யாரு என்று பஸ்ஸில் கேட்ட அதே குரலில், "வுழுந்தவங்க யாரு? கையத் தூக்குங்க" என்பார். எங்கள் ஊரில் யாரும் விழுந்ததைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் பிள்ளைகள் வயல், கொல்லிப் பக்கமே விடாமல் வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். ஒருநாள், வேர்க்கடலைக் கொல்லிக்குப் போய்வந்திருந்த முனியம்மாக்கா கையைத் தூக்காமல் திருதிருவென்று விழித்தார்.

"நீங்க வுழுந்தீங்களா?"

"வுழலீங்க. மல்லாட்டக் கொல்லியில சும்மா படுத்தேன்."

"எது மொதல்ல படுத்துச்சு?"

"தலதான்."

நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே அக்காவைப் போளூருக்கு அழைத்துப் போனார். பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் டீ குடித்தாராம்.

ஏன் இந்தக் கிறுக்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"என் வூட்டுக்காரம்மா தொவைக்கிற கல்லாண்ட வழுக்கி வுழுந்துச்சு சார். பொடனியில அடி. எங்கிட்ட சொல்லல. தலவலின்னு தைலம் தேச்சிக்கினு படுத்துச்சு. நாலாம் நாளு எழுப்பறேன், எழல. ஒரு வார்த்த சொல்லியிருந்தா தூக்கிக்கினு ஓடியிருப்பேனே."

போன மழைக்காலத்தில் ஒருநாள் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு வந்தார். "இன்னா கண்டக்டரே, மாப்ள ஆய்ட்டீங்களா?" என்றேன். "தூறலு சார்" என்றார். அன்று தூறலே இல்லை. மறுநாள் ஒரு விசில் ஊதவேண்டிய இடத்தில் இரண்டு ஊதினார். பாதிப் பேர் எழுந்தார்கள், பாதிப் பேர் காலைத் தூக்கினார்கள். "வயசாச்சுங்க உங்களுக்கு" என்று நான் சொல்ல, நிறுத்தமே சிரித்தது. அவரும் சிரித்தார், கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அவர் கம்பியைப் பிடித்து நான் பார்த்ததே அன்றுதான். அதையும் கேலிதான் செய்தேன். வழக்கம்போல "வுழுந்தவங்க யாரு?" என்று கேட்டு, எங்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் விசில் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்து, நினைவில்லாமல் கிடந்தவரை வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தலைப்பாகையை அவிழ்த்தால் பின்னந்தலை வீங்கியிருந்தது. மூன்று நாளைக்கு முன்பு பாசி பிடித்த வாசற்படியில் விழுந்திருக்கிறார். பார்த்தது பக்கத்து வீட்டம்மா ஒருவர்தான்.

"யாராண்டயும் சொல்லாதம்மா. சொல்லிக்குடுக்கிறவனே வுழுந்துட்டான்னா நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க" என்று அந்த அம்மாவிடம் கெஞ்சினாராம்.

அவர் வேலூரிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. தினமும் எங்களைக் கேட்ட மனிதரிடம் அதே கேள்வியை ஒரே ஒருநாள் திருப்பிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேலி செய்ய மட்டும் மூன்று தடவை தோன்றியது. அது இன்னும் என்னை அறுக்கிறது.

நாங்கள் நிறுத்தவில்லை. விசில் இப்போது முனியம்மாக்காவிடம் இருக்கிறது, அவர் ஊதினால் பாதிக் காற்றுதான் வருகிறது. இன்று காலை கடை திறக்கும்போது உர மூட்டை தடுக்கி விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். எழுந்ததும் நேராகச் சாலையைத் தாண்டி நிறுத்தத்துக்குப் போய், அக்கா கேட்பதற்கு முன்பே கையைத் தூக்கினேன்.

"சொல்லிட்டேன், கண்டக்டரே" என்றேன், அன்று அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற கம்பியைப் பார்த்து.