குறுக்குவில் தரநிர்ணயக் குழு

சுதந்திர இலங்கை எத்தனையோ பெருமைகளைக் கண்டிருக்கிறது. ஆனால் ஒரு வில்லின் வேலைப்பாட்டை ஆராய்வதற்கென்றே குழு அமைத்து, தலைவர், செயலாளர், மாலைத் தேநீர் சகிதம் கூட்டம் நடத்திய பெருமை பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தையே சேரும். அந்தக் குழுவுக்குக் குறிப்பெழுதும் சின்னக் கிளாக்கராக இருக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

எல்லாம் ஒரு காட்டுப்பன்றியால் வந்தது. காட்டோரத்து மேல்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மீனம்மாவின் தொடையை அது கிழித்துவிட்டது. பன்றி சாகும்வரை மேல்மலைக்கு ஏறமாட்டோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்காகப் பேசியவள் அழகம்மா. மேல்மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரை சும்மா இருக்கவில்லை. உடனே இங்கிலாந்துக்கு எழுதினார். பங்களாவில் துப்பாக்கி இருந்தது உண்மைதான். ஆனால் வெடிச் சத்தம் துரைசாணியின் நரம்புகளுக்கு ஆகாது. எனவே சத்தமில்லாத ஆயுதம் ஒன்று கப்பலேறி வந்து சேர்ந்தது.

துப்பாக்கிக் கட்டை போன்ற மரத்தில் வில்லைக் குறுக்கே பொருத்தி, விசையை அழுத்தினால் அம்பு பாயும்படி செய்த வேட்டைவில் அது. தரம் தெரியாமல் ஒரு பொருளைப் பன்றிமேல் பிரயோகிப்பது நிர்வாக ஒழுங்குக்குப் புறம்பானது என்று துரை கருதினார். அவர் தலைவரானார். யாழ்ப்பாணத்துக்காரரான பெரிய கிளாக்கர் தம்பிஐயா செயலாளர்.

ஒரு கூட்டத்தில் கட்டையின் மெருகைத் தடவிப் பார்த்து "திருப்திகரம்" என்று தீர்மானித்தார்கள். இன்னொன்றில் தம்பிஐயா நாணைச் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டு, "சுருதி சுத்தமா இருக்கு, சேர்" என்றார். விசைக்கு மட்டும் தனிக் கூட்டம். அம்பு எய்வது மட்டும் நடக்கவில்லை. எய்தால் மெருகு கெட்டுவிடும் என்று குழு ஏகமனதாக அஞ்சியது.

அழகம்மா ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றாள்.

"ஐயா, பன்னி இன்னும் உசுரோடதாங்க திரியுது."

"பண்டி எங்கட விசயமில்லை, பிள்ளை," என்றார் தம்பிஐயா. "நாங்கள் வில்லைத்தான் பாக்கிறம்."

"அது எங்க லயத்துக்குப் பின்னாடிதாங்க கெழங்கு தோண்ட வருது. வில்ல எங்க காம்பராவுல வச்சீங்கன்னா எம் புருசன் சோலைமலை அடிச்சிருவாருங்க."

துரை யோசித்தார். பிறகு தன் தோட்டத் தமிழில், "நல்லது. ஆனா காம்பரா மொதல்ல பாக்கணும்," என்றார்.

குழு லயத்துக்குப் புறப்பட்டது. மழை பெய்துகொண்டிருந்தது. வில்லுக்கு நான் குடை பிடித்தேன். நனைந்தது நான்தான்.

தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து துரை காம்பரா என்ற லயத்து அறை ஒன்றுக்குள்ளும் நுழைந்ததில்லை. அன்று குனிந்து நுழைந்தார். தம்பிஐயா சுவரைத் தொட்டார். சுவர் அவருடைய கையோடு கொஞ்சம் வந்தது. தகரக் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் தாளில் விழுந்தது. அடுப்புப் புகை வெளியேற வழி தெரியாமல் எங்களோடு நின்றது. தம்பிஐயா இருமிக்கொண்டே சொல்லச் சொல்ல எழுதினேன்: "கூரை ஒழுகுகிறது. தரையில் ஈரம் ஊறுகிறது. ஜன்னல் இல்லை. இங்கே வைத்தால் சில நாட்களில் மரம் வளையும், நாண் பூஞ்சணம் பிடிக்கும், இரும்பு துருவேறும். பெறுமதியான எந்தப் பொருளையும் வைக்கத் தகுதியற்ற இடம்."

துரை வருத்தத்தோடு தலையசைத்தார். எங்கள் லயத்தைப் பற்றி நிர்வாகம் உண்மையை எழுதியது அதுவே முதல் தடவை. வில்லுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அழகம்மா கேட்டாள்: "இதே காம்பராவுலதாங்க நாங்க ஏழு பேரு இருக்கோம். எங்களுக்குப் பூஞ்சணம் புடிக்காதுங்களா?"

"அது இங்கிலாந்துச் சாமான், பிள்ளை," என்றார் தம்பிஐயா. "இந்த ஈரச் சுவாத்தியம் அதுக்கு ஒத்துவராது. நீங்கள் தலைமுறை தலைமுறையா இந்த நாட்டில இருந்து பழகின ஆக்களெல்லோ."

அழகம்மாவின் முகம் மலர்ந்தது.

"அத அப்படியே எழுதிக் குடுத்திருங்கய்யா. இந்த நாட்டு ஆளுங்கன்னு பிரசாவுரிமைக்கு மனுப் போட்டிருக்கோம். பாட்டன் எந்த ஊருல பொறந்தாருன்னு கேக்குறாங்க, நாங்க இங்கயே இருந்தவங்கதான்னு சாட்சியும் கேக்குறாங்க."

தம்பிஐயா என்னைப் பார்த்தார். நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"குழுவின்ர வேலை வில்லோட சரி," என்றார் அவர். துரை கைக்குட்டையால் வில்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே சோலைமலையும் லயத்து ஆண்களும் நாய்களை விட்டுப் பன்றியை மடக்கி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியாலேயே கதையை முடித்தார்கள். பெண்கள் மேல்மலைக்கு ஏறினார்கள்; மீனம்மாவும் நொண்டிக்கொண்டே ஏறினாள். துரை பன்றியின்மேல் ஒரு காலை வைத்து, கையில் வில்லோடு படம் எடுத்துக்கொண்டார். பன்றியின் காதைப் பிடித்துக்கொண்டிருந்த சோலைமலையின் விரல்களும் படத்தில் விழுந்திருந்தன.

அழகம்மாவின் மனு தள்ளுபடியாயிற்று. இந்த நாட்டில் நிலையாக வசித்ததற்குப் போதிய ஆதாரம் இல்லையாம்.

வில்லுக்குப் பங்களாவில், கணப்படுப்புக்கு மேலே, ஈரம் எட்டாத இடம் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஆயுதமாயிற்றே, அதை இங்கே வைத்திருக்கவும் அரசாங்க அனுமதி வேண்டியிருந்தது. விண்ணப்பத்தை நானே டைப் அடித்தேன். மறு தபாலிலேயே அனுமதி வந்துவிட்டது. உண்மையிலேயே உயர்தரமான வில்தான். அதன் பாட்டன் எந்த ஊரில் பிறந்தான் என்று யாருமே கேட்கவில்லை.